மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் ரப்பர் குழாயைப் பாருங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு விவசாயி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: ‘‘ஐயா, என்னிடம் 2011-ம் வருஷத்து ஆல்டோ இருக்கிறது. 800 சிசி, பெட்ரோல். செகண்ட் ஹேண்டாக வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. எலுமிச்சை மூட்டையைப் புளியங்குடி கமிஷன் கடைக்குக் கொண்டுபோவதும், அம்மாவை மாதம் ஒரு தடவை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் இந்த வண்டியில்தான். மூன்று மாதமாக மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி நிற்கும்போது ரேஸ் தானாக ஏறி இறங்குகிறது. ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார் மாற்றினார்கள். இரண்டு நாள் விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு பட்டறையில், ‘ஈ.சி.எம். போயிருக்கு, மாற்றினால்தான் சரியாகும்’ என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகைக்குக் கூடக்கொஞ்சம் போட்டால் ஒரு கறவை மாடு வாங்கிவிடலாம். இந்த வருஷம் 15 வருஷம் முடிவதால் ஆர்.சி.யையும் புதுப்பிக்க வேண்டும். பிரேக்கும் முன்பு மாதிரி இல்லை, கொஞ்சம் கட்டையாக இருக்கிறது. அது தனி விஷயம் என்று நினைக்கிறேன். செலவு செய்து ஓட்டுவதா, வண்டியைத் தள்ளிவிடுவதா?’’

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். அது தனி விஷயமாக எனக்குத் தெரியவில்லை. ரேஸ் ஏறி இறங்குவது, விளக்கு எரிவது, பிரேக் கட்டையாவது மூன்றும் ஒரே கோளாறிலிருந்து வரலாம். ஆகவே கீழே சொல்லியிருக்கும் பிரேக் சோதனையைச் செய்து பார்க்கும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு எலுமிச்சையை லோடு ஆட்டோவில் போடுங்கள். அம்மாவுக்கு பஸ் சிரமம் என்றால் வாடகை வண்டி பாருங்கள்.

ஈ.சி.எம். மாற்றும் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கிணற்று மோட்டாரில் நடப்பதுதான் இங்கேயும்

மோனோபிளாக் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சக்‌ஷன் பைப்பில் ஒரு ஜாயின்ட் லூஸாக இருந்தால் என்ன ஆகும்? அங்கே தண்ணீர் ஒழுகாது. வெளிக்காற்று உள்ளே போகும். மோட்டார் ஓடும், தண்ணீர் விட்டு விட்டு வரும், சில சமயம் நின்றே போகும். ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாததால் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் பார்ப்பவர்களும் உண்டு. கடைசியில் கோளாறு ஜாயின்டில் இருக்கும்.

பெட்ரோல் என்ஜினும் ஒரு உறிஞ்சும் பம்புதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது, திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். அதற்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இதைத்தான் வேக்கம் என்கிறோம். அந்த வேக்கத்தை வீணாக்காமல் சில வேலைகளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடித்த ரப்பர் குழாய் போகும். என்ஜினுக்குள் சேரும் ஆவியை இழுக்க பி.சி.வி. வால்வுக்கு ஒன்று போகும். பெட்ரோல் டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவிலிருந்து ஒன்று வரும். இவற்றில் எது வெடித்தாலும், எந்தக் கிளிப் தளர்ந்தாலும், அந்த வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வதுதான் ஈ.சி.எம். என்ற பெட்டியின் வேலை. கணக்கு சரியாக இருக்கிறதா என்று சைலன்சர் பைப்பில் உட்கார்ந்து வாசம் பிடித்துச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். திருட்டுக் காற்று கணக்கைக் கெடுத்தால் சென்சார் ‘காற்று அதிகம்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறது. தகவல் சொன்னவனை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் விளக்கு எரியாததற்கும் புதிய சென்சாருக்கும் சம்பந்தம் இல்லை. சென்சார் மாற்றும்போது ஸ்கேனரில் பழைய கோடை அழித்திருப்பார்கள், அல்லது பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அதே தப்பை அடுத்தடுத்த ஓட்டங்களில் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகுதான் பெட்டி விளக்கைப் போடும். அதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான் அந்த இரண்டு நாள்.

மஞ்சள் விளக்கு எந்த பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்தக் கணக்கு தப்புகிறது என்று மட்டுமே சொல்கிறது. ஸ்கேனரில் ‘ஆக்சிஜன் சென்சார்’ என்ற பெயர் வந்த உடனே அதை மாற்றிவிடுவது இன்றைக்குப் பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. வேகமாக முடிகிற வேலை, பில்லும் பெரிது. எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும், அதற்குக் கூலி கொடுக்க நம்மில் பலரும் முகம் சுளிக்கிறோம் என்பதும் உண்மை.

முதலில் பிரேக்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, என்ஜினை ஆஃப் செய்யுங்கள். பெடலை ஐந்தாறு தடவை நன்றாக மிதியுங்கள். கடைசியில் கல்லு மாதிரி ஆகிவிடும். காலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு வேக்கம் போகிறது. இறங்கவில்லை என்றால் போகவில்லை.

அடுத்து, என்ஜினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் செய்து, ஐந்து நிமிஷம் கழித்து மிதியுங்கள். முதல் ஒன்றிரண்டு மிதி இலகுவாக இருக்க வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால், குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை, அல்லது எங்கோ கசிகிறது. கிணற்று பைப்பில் ஃபுட் வால்வு என்ன வேலை செய்கிறதோ, அதே வேலைதான் இந்த வால்வுக்கும்.

மூன்றாவதாக, என்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடியுங்கள். காலடியில் ‘உஸ்ஸ்’ என்று நிற்காமல் சத்தம் வந்தாலோ, மிதித்திருக்கும்வரை ரேஸ் மாறி வண்டி உதறினாலோ, பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. இது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பூஸ்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.

பூஸ்டர் வேலை செய்யாவிட்டாலும் பிரேக் பிடிக்கும் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பிடிக்கும்தான். ஆனால் அதே இடத்தில் வண்டி நிற்கப் பல மடங்கு பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அது தெரியாது. ஆள் நிறைய ஏறி, ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது தெரியும். அந்த இடத்தில் தெரிந்து பிரயோஜனமில்லை.

கண், காது, தண்ணீர்

பிரேக் சோதனை முடிந்ததும் பானட்டைத் திறங்கள். என்ஜின் ஆஃப் ஆகி, ஆறியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து திராட்டில் வரை போகும் கறுப்புக் குழாயை மடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு அடியில்தான் வெடிப்பு இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. பிறகு மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் குழாயையும் விரலால் தடவிக்கொண்டே முனைவரை போங்கள். 15 வருஷ ரப்பர் என்ஜின் சூட்டில் காய்ந்து, முனையில், கிளிப் கடித்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். வளைத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிற குழாயைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம்.

நம் வீடுகளில் இன்னொரு ஆள் இருக்கிறார்: எலி. காரை நிறுத்துவது பெரும்பாலும் தொழுவத்துக்குப் பக்கத்தில், நெல் மூட்டையோ கடலை மூட்டையோ அடுக்கிய தாழ்வாரத்தில். ஓட்டி வந்த என்ஜின் கதகதப்பாக இருக்கும். எலிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வைக்கோலும் சாக்குத் துணியும் வைத்துக் கூடு கட்டியிருக்கும். ஒயரையும் ரப்பர் குழாயையும் கொறித்திருக்கும். கடித்த இடம் நேராக, பல் வரியோடு இருக்கும். வயதில் வெடித்தது ஒழுங்கில்லாமல் இருக்கும். எலிதான் காரணம் என்றால் குழாயை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, மூட்டைகளை நகர்த்த வேண்டும். பானட்டுக்குள் புகையிலை வைத்தால் வராது என்பார்கள். வைத்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். எலி மருந்தை மட்டும் என்ஜின் அறைக்குள் வைக்க வேண்டாம். செத்த எலி ஏ.சி. காற்று வரும் வழியில் கிடந்தால் படும் பாடு தனி.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் காதுக்கு வேலை கொடுங்கள். சொட்டுநீர் டியூப் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதருகில் பிடித்து, மறுமுனையை ஓடும் என்ஜினில் குழாய் முனைகளிலும் மேனிஃபோல்ட் ஓரத்திலும் நகர்த்துங்கள். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரிதான். காற்று இழுக்கும் இடத்தில் சீறல் சத்தம் தெளிவாகக் கேட்கும். வேட்டி நுனி, தோளில் துண்டு, சேலை முந்தானை எதுவும் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடத் தொடங்கும்.

சந்தேகப்பட்ட இடத்தில் பூச்செடிக்குத் தெளிக்கும் சின்னக் கைத்தெளிப்பானால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். கசிவு இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், சீறல் நிற்கும், ரேஸ் மாறும். பிளக் ஒயர், காயில், ஆல்டர்னேட்டர் பக்கம் அடிக்கக் கூடாது. பூச்சிமருந்து அடித்த தெளிப்பான் வேண்டவே வேண்டாம். பட்டறைகளில் இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் ஸ்பிரேயையோ அடிப்பார்கள். விடை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீ விளையாட்டு. உங்கள் வண்டியில் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

இன்னொரு வழி, குழாய்களை ஒவ்வொன்றாக அழுத்தி அடைப்பது. குறடு வாயில் துணி சுற்றிக்கொண்டு மெதுவாக நெரியுங்கள். எந்தக் குழாயை நெரித்ததும் ரேஸ் சீராகிறதோ, அந்தக் குழாயின் மறுபக்கத்தில்தான் கசிவு. பிரேக் பூஸ்டர் குழாயை நெரித்ததும் சீரானால், நான் முதலில் சந்தேகப்பட்டது உறுதி. காய்ந்து போன குழாயை நெரிக்காதீர்கள், அங்கேயே ஒடியும்.

குழாய்கள் எல்லாம் நன்றாக இருந்து, கசிவு மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலோ இன்ஜெக்டர் அடியில் உள்ள ரப்பர் வளையத்திலோ இருந்தால், புகைச் சோதனை செய்யும் கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவார்கள். ஓட்டை உள்ள இடத்தில் புகை வெளியே வரும். கருவி இல்லை, டயருக்கு அடிக்கும் காற்றை விட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். அந்த அழுத்தத்தில் நல்ல சீல்களும் பிய்ந்துவிடும்.

ஸ்கேனரில் கேட்க வேண்டியது

ஸ்கேனர் போடுவதில் தப்பில்லை. நம் நாட்டில் பி.எஸ்.-4 கார்களுக்கு 2010 ஏப்ரல் முதல் என்ஜின் தன்னைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு (ஓ.பி.டி.) கட்டாயமானது. 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. உங்கள் வண்டி அந்த மாறுதல் காலத்து வண்டி. ஆன்லைனில் விற்கும் மலிவான கருவிகள் எல்லாம் அதோடு பேசும் என்று சொல்ல முடியாது. பட்டறை ஸ்கேனர் பேசும்.

கோடை அழிப்பதற்கு முன்பு திரையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் ‘மேப் சென்சார் ரீடிங் எவ்வளவு?’ என்று கேளுங்கள். சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் 100 கிலோபாஸ்கல் பக்கத்தில் இருக்க வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். என்ஜின் சூடாகி, ஏ.சி. இல்லாமல், ரேஸ் கொடுக்காமல் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 30-லிருந்து 40-க்குள் இறங்கும். 50-ஐ ஒட்டி நின்றால் காற்று கசிகிறது, அல்லது வால்வு டைமிங், கம்ப்ரஷன் கோளாறு. எப்படியும் ஈ.சி.எம். இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். யூடியூப் வீடியோக்களில் கசிவு இருந்தால் ‘பி0171, பெட்ரோல் குறைவு’ என்ற கோடு வரும் என்று சொல்வார்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள கார்களுக்கு அது பொருந்தும். உங்கள் ஆல்டோ மாதிரி சின்ன வண்டிகள் காற்றை அளப்பதில்லை, மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. கசிவு வந்தால் அழுத்தம் கூடும், பெட்டி அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடும், ஐடிலிங் ஏறும். ஏறியதைப் பார்த்துக் குறைக்கும், மறுபடி ஏறும். நீங்கள் சொன்ன ‘ஏறி இறங்குகிறது’ இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே ‘ஐடிலிங் அதிகம்’ என்ற பி0507 கோடு வந்தாலும் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சைலன்சர் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதினாலும் சென்சார் ஏமாறும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று கலந்து ‘காற்று அதிகம்’ என்று சொல்ல வைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் நிற்கும் சத்தம் அதன் அடையாளம்.

ஈ.சி.எம். போகவே போகாதா என்றால், போகும். அதற்குள் தண்ணீர் இறங்கினால், பேட்டரி ஒயரைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால், ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் போகும். அப்படி ஏதாவது நடந்ததா என்று உங்களுக்குத்தான் தெரியும். நடக்கவில்லை என்றால் அது சந்தேகப் பட்டியலில் கடைசி.

புகைச் சான்றிதழ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

வண்டிக்கு எடுத்த கடைசிப் புகைச் சான்றிதழ் இருக்கிறதா? அதில் இரண்டு எண் அச்சாகியிருக்கும். ஒன்று கார்பன் மோனாக்சைடு, சதவீதத்தில். இன்னொன்று ஹைட்ரோகார்பன், பி.பி.எம். கணக்கில். பி.எஸ்.-3 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும் வரம்பு. பி.எஸ்.-4 காருக்கு 0.3 சதவீதம், 200 பி.பி.எம். உங்கள் வண்டி எது என்று ஆர்.சி.யிலோ பழைய சீட்டிலோ இருக்கும்.

இதை யாரும் படிப்பதில்லை. நோய்க்கு நாடி பார்ப்பது மாதிரி இந்த இரண்டு எண்ணும் நிறைய சொல்லும். கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது. காற்று அதிகமாகி மிஸ்ஸிங் அடிக்கிறது, அல்லது பிளக், பிளக் ஒயர் கோளாறு. கார்பன் மோனாக்சைடு எகிறினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சில வண்டிகளில் மேப் சென்சாருக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகும். அந்தக் குழாய் வெடித்தாலும் இப்படி நடக்கும். பெட்டிக்கு ‘பாரம் அதிகம்’ என்ற பொய்த் தகவல் போய், பெட்ரோலைக் கொட்டும்.

சான்றிதழ் இல்லாமலோ, வரம்பு மீறியோ ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். அதற்குப் பயந்து தெரிந்த இடத்தில் வண்டியைக் காட்டாமலே சீட்டு வாங்குபவர்கள் உண்டு. சட்டத்தை விடுங்கள், மருத்துவர் பரிசோதிக்காமல் ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டு யாருக்கு உதவும்?

வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

கோளாறு குழாயிலோ வால்விலோ என்றால் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும். பூஸ்டர் குழாய்க்கு அந்த வண்டிக்கு உரிய வேக்கம் குழாயையே போடுங்கள். சொட்டுநீர் டியூப், தெளிப்பான் ஹோஸ், பெட்ரோல் குழாய் எதுவும் கூடாது. அவை சூட்டில் இளகி, வேக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிரேக் போச்சு. ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டினாலும் அதே கதி. கழற்றும் முன் எந்தப் பக்கம் என்ஜினைப் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது வீடு வந்து சேர மட்டும்.

15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து வருஷம் ஓட்டலாம். பணம் கட்டும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். நம் வண்டிகளில் டிக்கி தரையை உரம் தின்றிருக்கும். பொட்டாஷ் மூட்டை ஒரு தடவை கிழிந்து சிந்தினாலே போதும், மேட்டுக்கு அடியில் ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரித்துவிடும். அடித்தகடும் பிரேக் பைப்பும் நன்றாக இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். தகடு உளுத்திருந்தால் என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘‘பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகுதான் என் பழைய காரில் விளக்கு எரிகிறது. கரும்பு போடுகிற நானே இதைக் கேட்கலாமா தெரியவில்லை. எத்தனால்தான் காரணமா?’’
(சிவகிரி வாசகர்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும் என்று மேலே சொன்னேன். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஈ.சி.எம். அதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் சரிக்கட்டுவதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையில் ஒரு பகுதியை எத்தனால் எடுத்துக்கொண்டதும், முன்பு பொறுத்துக்கொண்டிருந்த சின்னக் கசிவையோ அடைபட்ட ஃபில்டரையோ இப்போது பொறுக்க முடிவதில்லை. விளக்கு எரிகிறது. ஆகவே எத்தனாலைத் திட்டுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்.

மைலேஜ் குறைவதும் உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை வருஷம் ஒரு தடவை பாருங்கள். உப்பியிருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். வேக்கம் குழாய் வெடித்தால் வண்டி உதறும். பெட்ரோல் குழாய் வெடித்தால் வண்டி எரியும்.

கேள்வி: ‘‘எஃப்.சி. காட்டும் முன் அந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிடலாம் என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?’’
(கடையநல்லூர் வாசகர்)

பதில்: செய்யாதீர்கள். விளக்கு அமைதியாக எரிந்தால் சில நாள் நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸிங் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதைப் பழுக்கக் காய்ச்சும். உள்ளே இருக்கும் செராமிக் உருகி அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் வண்டியை வைக்கோல் மேலோ, காய்ந்த சருகு மேலோ, அறுத்த களத்திலோ நிறுத்தினால் தீப்பிடிக்கும். பல்பைக் கழற்றியவருக்கு இது எப்படித் தெரியும்?

கேள்வி: ‘‘எங்களிடம் டீசல் பிக்கப் இருக்கிறது. அதற்கும் இந்த வேக்கம் சமாச்சாரம் உண்டா? சில நாளாக ஆல்டர்னேட்டர் பக்கம் ஆயில் கசிகிறது.’’
(புளியங்குடி வாசகர்)

பதில்: இரண்டையும் சேர்த்துக் கேட்டீர்கள், நல்லது. டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின் மாதிரி காற்றை மறித்து ஓட்டுவதில்லை. ஆகவே பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் மேனிஃபோல்டில் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். பல பிக்கப் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் இருக்கும், என்ஜின் ஆயிலில் ஓடும். அங்கே ஆயில் கசிகிறது என்றால் பெரும்பாலும் அந்த பம்பின் சீலோ, ஆயில் குழாயோ. ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கினால் சார்ஜ் போகும். பம்பு தேய்ந்தால் பிரேக் கட்டையாகும். ஃபேன் பெல்ட் அறுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போகும். ஓடும்போது பேட்டரி விளக்கு திடீரென்று எரிந்தால், அடுத்த ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பிரேக் இலகுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த மிதியிலேயே ஓரம் கட்டுங்கள். பெடலைச் சும்மா சும்மா தட்டிப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன பிரேக் சோதனை மூன்றும் உங்கள் வண்டிக்கும் பொருந்தும். லோடு ஏற்றுவதற்கு முன்பு, இன்றைக்கே செய்து பாருங்கள்.